சின்னச் சம்பளம், சேமிப்புச் சந்தேகங்கள்

மாதம் 20,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் இளைய வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. அஞ்சலக வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறக்கூடியது. கணக்குத் தொடங்கும் அன்று கவுன்டரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

*

ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறேன். வயது 22. பிடித்தம் போக 14,200 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக்கு 5,000, அறை வாடகையும் கரண்டும் 1,800, மெஸ் 3,500, போன் தவணை 1,450 (இன்னும் நான்கு மாதம்), ரீசார்ஜ் 300. மாதம் 3,000 சேமிக்க ஆசை. ஆனால் கடைசி வாரம் 200 ரூபாய்கூட மிஞ்சுவதில்லை. எங்கே தப்பு?
(ஒரு வாசகர், தென்காசி மாவட்டம்)

நீங்கள் எழுதிய செலவுகளைக் கூட்டினால் 12,050. மிச்சம் 2,150. ஆகவே 3,000 என்ற இலக்கு இப்போதைக்கு நடக்காது. நடக்காத இலக்கை வைத்தால் இரண்டாம் மாதமே மனசு விட்டுப்போகும்.

அந்த 2,150 எங்கே போகிறது என்பதற்கு உங்கள் கடிதத்தில் எழுதாமல் விட்டதில்தான் பதில் இருக்கிறது. பொங்கல், தீபாவளி, ஊர்க் கொடை, யாராவது ஒருவர் கல்யாணம் என்று ஆண்டுக்கு நான்கு தடவையாவது ஊருக்குப் போவீர்கள். பஸ், பலகாரம், மொய் எல்லாம் சேர்த்துத் தடவைக்கு 2,500 என்றாலே ஆண்டுக்கு 10,000. மாதத்துக்குப் பிரித்தால் 833. இந்தச் செலவு திடீரென்று வருவதில்லை, தேதி போட்டுத்தான் வருகிறது. ஆனால் அதற்குப் பணம் ஒதுக்காததால் ஒவ்வொரு தடவையும் கைமாற்று வாங்கி, அடுத்த இரண்டு மாதம் அதை அடைக்கிறோம். குறைந்த சம்பளத்தில் சேமிப்பு உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அடுத்தது டீக்கடை. நாளைக்கு இரண்டு டீயும் ஒரு வடையும் 40 ரூபாய் என்றால், 26 வேலைநாளுக்கு 1,040. ரீசார்ஜும் 28 நாள் பேக்காக இருந்தால் ஆண்டுக்கு 12 இல்லை, 13 தடவை போட வேண்டியிருக்கும்.

அதனால் 2,150-ஐ இப்படிப் பிரியுங்கள்: ஊர்ப் பயணத்துக்கு 850, கைச்செலவுக்கு 400, சேமிப்புக்கு 900. கைச்செலவு 400 என்பது ஒரு டீயோடு நிறுத்திக்கொண்டால் தாங்கும். போன் தவணை முடிந்த மாதமே அந்த 1,450-ஐயும் சேமிப்போடு சேர்த்து 2,350 ஆக்கிவிடுங்கள். ஒரு மாதம் விட்டுப் பார்ப்போம் என்றால் அந்தப் பணம் காணாமல் போகும், இல்லாவிட்டால் புதுப் போனாக வந்து நிற்கும். இந்தக் கணக்கில் ஏழாவது மாதம் 10,650 சேர்ந்திருக்கும். ஒரு மாதம் வேலை இல்லாவிட்டாலும் வாடகை, சாப்பாடு, வீட்டுப் பணம் மூன்றையும் ஏறக்குறைய இது தாங்கும். ஒப்பந்த வேலையில் இருப்பவருக்கு இதுதான் முதல் படி. வட்டியைப் பற்றிய யோசனை அதற்குப் பிறகு வரட்டும்.

எங்கே வைப்பது? சம்பளக் கணக்கிலேயே வேண்டாம். ஜிபே இருக்கும் கணக்கில் கிடக்கும் பணம் சேமிப்பு ஆகாது. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். குறைந்தபட்ச இருப்பு 500 ரூபாய், வட்டி 4 சதவீதம். ஏ.டி.எம். கார்டு கேட்காதீர்கள், யு.பி.ஐ.யில் இணைக்காதீர்கள். அவசரம் என்றால் பாஸ்புக்கோடு போய் எடுத்துக்கொள்ளலாம். சும்மா எடுக்க வேண்டுமென்றால் வரிசையில் நிற்க வேண்டும், அந்த வரிசைதான் காவல்.

இந்த 10,000 சேர்ந்த பிறகு வங்கியில் 12 மாத ஆர்.டி. (மாதாமாதம் ஒரே தொகையைக் கட்டும் தொடர் வைப்பு) போடுங்கள். தானாகப் பிடிக்கும்படி எழுதிக்கொடுத்தால், தேதியைச் சம்பளத் தேதிக்கு மூன்று நாள் தள்ளி வையுங்கள். கான்ட்ராக்டர் சம்பளம் தாமதமாகி, கணக்கில் பணம் இல்லாமல் பிடித்தம் திரும்பினால் அபராதமும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் விழலாம்.

அஞ்சலக ஆர்.டி. நல்ல திட்டம்தான். 6.7 சதவீதத்தில் மாதம் 1,000 வீதம் ஐந்து ஆண்டு கட்டினால் 60,000 போட்டதற்கு 71,366 வரும். ஆனால் அதை மூன்று ஆண்டு ஆகாமல் முடிக்க முடியாது. மூன்று ஆண்டுக்கு மேல் இடையில் முடித்தாலும் சேமிப்புக் கணக்கின் வட்டிதான் தருவார்கள். ஒரு தவணை தவறினால் 100 ரூபாய்க்கு 1 ரூபாய் அபராதம். நான்கு தவணைக்கு மேல் தொடர்ந்து தவறினால் கணக்கு நின்றுபோகும், இரண்டு மாதத்துக்குள் புதுப்பிக்க வேண்டும். 12 தவணை தடையில்லாமல் கட்டியபின் இருப்பில் பாதி வரை கடன் வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியாத வசதி. ஆகவே இதை இரண்டாம் ஆண்டில் தொடங்குங்கள். கட்ட முடியும் என்று நினைக்கும் தொகையில் பாதிக்குத் தொடங்குங்கள்.

*

திருப்பூரில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். என் கல்யாணத்துக்கு நானே நகை சேர்க்கிறேன். மாதம் 2,000 கட்டும் நகைச் சீட்டில் சேரலாமா, வங்கி ஆர்.டி. போடலாமா?
(ஒரு வாசகி)

கடைசியில் நகைதான் வாங்கப் போகிறீர்கள் என்பது உறுதியானால், கணக்கு நகைச் சீட்டின் பக்கம் சாய்கிறது. 11 மாதம் 2,000 வீதம் 22,000. இதே தொகைக்கு 6.5 சதவீத ஆர்.டி.யில் ஏறத்தாழ 700 ரூபாய்தான் வட்டி. சீட்டில் 12 சதவீதம் வரை சேதாரம் இல்லை என்றால் 2,600-க்கு மேல் மிச்சம்.

சேரும் முன் நான்கு விஷயம் கேளுங்கள். ஒன்று, கட்டும் பணம் அன்றன்றைய விலைக்கு கிராமாக வரவாகிறதா, ரூபாயாகவே நிற்கிறதா? விலை ஏறும் காலத்தில் ரூபாயாக நிற்கும் சீட்டில் 11-ஆம் மாதம் கிடைக்கும் கிராம் குறைந்துபோகும். இரண்டு, சேதாரத் தள்ளுபடிக்கு உச்சவரம்பு எவ்வளவு? 12 சதவீதம் வரை இலவசம் என்று சொல்லிவிட்டு, நீங்கள் எடுக்கும் டிசைனுக்கு 20 சதவீதம் போட்டால் மீதி 8 உங்கள் தலையில். மூன்று, ஒரு தவணை தவறினால் சலுகை போய்விடுமா? நான்கு, பாதியில் நிறுத்தினால் எப்போது, எப்படித் திரும்பக் கிடைக்கும்? பெரும்பாலும் காசாகத் தரமாட்டார்கள், நகையாகத்தான் எடுக்க வேண்டும். அதுவும் சேதாரத்தோடு.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. வங்கியில் போடும் பணத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புத்தொகைக் காப்பீடு இருக்கிறது. நகைச் சீட்டுக்கு அது கிடையாது. கடை மூடினால் பணம் அவ்வளவுதான். ‘போட்ட பணத்துக்கு மாதம் இத்தனை சதவீதம்’ என்று ஆசை காட்டும் நகைக்கடையின் பக்கமே போக வேண்டாம். கைநிறைய மிச்சம் வைத்து யாரும் தங்கம் விற்பதில்லை.

பில் வாங்கும்போது கல் எடை தனியாகக் கழித்திருக்கிறதா என்று பாருங்கள். 916 முத்திரையோடு, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. (ஒவ்வொரு நகைக்கும் தனியான அடையாளக் குறியீடு) நகையில் பொறித்திருக்க வேண்டும். 3 சதவீத ஜி.எஸ்.டி.யை நீங்கள்தான் கட்டுவீர்கள். அவசரத்துக்கு அடகு வைக்கப் போனால் தங்க எடையை மட்டும்தான் கணக்கில் எடுப்பார்கள். செய்கூலி, சேதாரம், கல் எதற்கும் மதிப்பில்லை. ஆகவே ஆஸ்பத்திரிச் செலவுக்கான பணத்தை நகையாக்காதீர்கள். மாதம் 2,000 முடியும் என்றால் 1,200 சீட்டுக்கு, 800 கையிருப்புக்கு.

*

மதுரையில் ஜவுளிக்கடையில் விற்பனையாளர். அவசரத்துக்கு 10,000 தண்டல் எடுத்தேன். 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கொடுத்தார்கள். தினம் 100 வீதம் 100 நாள். 15 சதவீத வட்டி பரவாயில்லைதானே? சேமிப்பில் 3,000 இருக்கிறது. அதை எடுத்து முன்கூட்டியே கட்டிவிடவா?

15 சதவீதம் இல்லை. முதலில் உங்கள் கைக்கு வந்தது 8,500தான். அதிலும் அந்தப் பணம் முழுதாக 100 நாளும் உங்களிடம் இல்லை. முதல் நாளே 100 திரும்பிப் போகிறது, ஐம்பதாவது நாளில் 5,000 போயாயிற்று. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஆண்டு வட்டி ஏறத்தாழ 120 சதவீதம். அரைப் பவுன் மோதிரத்தை வங்கியில் வைத்து இதே 8,500-ஐ ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் வாங்கியிருந்தால் 100 நாளைக்கு வட்டி 233 ரூபாய்.

ஆனாலும் முன்கூட்டியே கட்ட வேண்டாம். வட்டியை முதலிலேயே எடுத்துக்கொண்டார்கள். சீக்கிரம் கட்டினால் ஒரு பைசா குறையாது, அவர்களுக்குத்தான் லாபம். 3,000-ஐ வைத்துக்கொண்டு, தினம் 100-ஐத் தவறாமல் கட்டி, அட்டையில் அன்றன்றே கையெழுத்து வாங்குங்கள். ‘நாளைக்குச் சேர்த்துப் போடுகிறேன்’ என்று விட்ட கட்டங்கள்தான் பிறகு தகராறாகும்.

உண்மையான ஆபத்து எழுபதாவது நாள் வரும். ‘ஒழுங்காகக் கட்டுகிறாயே, புதுசு போட்டுக்கொள்’ என்பார்கள். புதிய 10,000-இல் பழைய பாக்கி 3,000, புது வட்டி 1,500 கழித்துக் கையில் 5,500 தருவார்கள். அந்த 3,000-க்கான வட்டியை முதல் நாளிலேயே கட்டிவிட்டீர்கள். இப்போது அதற்கே இரண்டாம் தடவை கட்டுகிறீர்கள். ஆண்டுக்கணக்கில் தண்டலிலேயே இருப்பவர்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நூறு நாள் முடிந்ததும் அதே 100 ரூபாயை 101-ஆவது நாளிலிருந்து உண்டியலில் போடுங்கள். கட்டிப் பழகிய கை, மாதம் 3,000 சேரும்.

வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்தோ, ஏ.டி.எம். கார்டோ கொடுத்திருந்தால் கடன் முடியும் அன்றே திரும்ப வாங்குங்கள். மிரட்டல் வந்தால் 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அநியாய வட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, காவல் நிலையத்தில் புகார் தரலாம். போன் ஆப் கடனில் மிரட்டினால் 1930-க்கு அழையுங்கள்.

*

கூட வேலை பார்க்கும் 10 பேர் சேர்ந்து மாதம் 2,000 சீட்டு நடத்துகிறோம். வங்கியைவிட லாபமா?

குலுக்கல் சீட்டு என்றால் லாபமும் இல்லை நட்டமும் இல்லை. கட்டியதுதான் கைக்கு வரும், ஒழுங்காகக் கட்டும் பழக்கம் மட்டும் மிச்சம். ஏலச் சீட்டு என்றால் முதலிலேயே தொகையைக் குறைத்துக்கொண்டு எடுப்பவர் கடன் வாங்குகிறார், கடைசியில் எடுப்பவர் வட்டி வாங்குகிறார். சேமிப்புக்காகச் சேர்ந்தவர் கடைசியில்தான் எடுக்க வேண்டும். அங்கேதான் ஆபத்தும் அதிகம். முதலில் எடுத்தவர் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டால், உங்கள் பணத்துக்கு எழுத்தில் ஒன்றும் இருக்காது. பதிவு பெற்ற நிறுவனம் என்றால் சீட்டுத் தொகைக்கு ஈடாகப் பிணையம் வைத்துத்தான் ஒவ்வொரு சீட்டையும் தொடங்க முடியும். தொடங்க அனுமதித்த ஆணை எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நண்பர்கள் சீட்டு என்றால், இழந்தாலும் தாங்கும் தொகையோடு நிறுத்துங்கள்.

*

கேட்காமலேயே வங்கியில் 436 ரூபாயும் 20 ரூபாயும் பிடித்துவிட்டார்கள். திரும்ப வாங்க முடியுமா?

திரும்ப வாங்க அவசரப்படாதீர்கள். 436 ரூபாய் பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு, 20 ரூபாய் சுரக்‌ஷா விபத்துக் காப்பீடு. இரண்டும் தலா 2 லட்சம். ஜூன் 1 முதல் மே 31 வரை. உங்கள் வருமானத்தை நம்பி வீட்டில் ஆள் இருந்தால் இந்த விலைக்கு வேறெங்கும் கிடைக்காது. மே கடைசி வாரத்தில் கணக்கில் 456 ரூபாய் இல்லையென்றால் பாலிசி நின்றுபோகும். நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்று கிளையில் பாருங்கள். பாலிசி எடுத்திருப்பதையும் வீட்டில் சொல்லி வையுங்கள். உண்மையிலேயே வேண்டாம் என்றால் எழுதிக்கொடுத்து அடுத்த ஆண்டுப் பிடித்தத்தை நிறுத்தலாம்.

*

கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தை எடுத்துவிடுகிறேன். சின்னத் தொகைதானே?
(ஒரு வாசகர், ஓசூர்)

அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பங்கு 12 சதவீதம், 1,440. நிறுவனத்தின் 12 சதவீதத்தில் 8.33 ஓய்வூதியத்துக்குப் போய், மீதி 3.67 சதவீதம், அதாவது 440 ரூபாய், உங்கள் கணக்கில் விழும். மாதம் 1,880, ஆண்டுக்கு 22,560. ‘ஒன்றுமே சேமிக்கவில்லை’ என்று நினைத்த ஆண்டிலும் இது சேர்கிறது. 2024-25-க்கு வட்டி 8.25 சதவீதம், அஞ்சலக ஆர்.டி.யைவிட அதிகம். ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் ஓய்வூதியத்துக்கு வேண்டிய 10 ஆண்டு சர்வீஸும் முதலிலிருந்து தொடங்கும்.

எடுக்காமல் மாற்றுங்கள். புதிய இடத்தில் பழைய யு.ஏ.என். எண்ணையே (வேலை மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்) கொடுங்கள். பலர் புது எண் போட விட்டுவிட்டு, பிறகு இரண்டு எண்ணோடு அலைகிறார்கள். மாற்றம் தடைபடுவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். ஆதாரில் ஒரு பெயர், பி.எஃப்.பில் ஒரு பெயர் என்று இனிஷியல் மாறியிருக்கும். இல்லையென்றால் பழைய கான்ட்ராக்டர் வேலையை விட்ட தேதியைப் பதிந்திருக்க மாட்டார். கடைசிப் பிடித்தம் முடிந்து இரண்டு மாதம் ஆனதும் அந்தத் தேதியை நீங்களே பி.எஃப். இணையதளத்தில் ஆதார் ஓ.டி.பி. மூலம் பதியலாம். பதிவு செய்த கைபேசியிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு எஸ்.எம்.எஸ்.ஸில் வரும். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்தும் அங்கே வரவு இல்லையென்றால், சீட்டைப் பத்திரப்படுத்திக்கொண்டு உடனே பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுங்கள். கான்ட்ராக்டர் மாறிப்போன பிறகு தேடினால் அலைச்சல் இரட்டிப்பாகும்.