புகார் கொடுத்தால் போலீஸ் வேலை போகுமா?

தம்பி, கலிஃபோர்னியா வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, காரை ஓரங்கட்டச் சொன்ன போலீஸ்காரர் மரியாதையில்லாமல் பேசினார், புகார் கொடுத்தால் அவர் வேலை போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கேட்ட வாடகை, இன்ஷூரன்ஸ் எல்லாம் உங்கள் ஆபீசில் நாலு பேரைக் கேட்டாலே தெரிந்துவிடும். போலீஸ் விஷயத்துக்கு மட்டும் வருகிறேன்.

வெறும் சிடுசிடுப்புக்குப் போகாது. நான் வந்த காலத்தில் பெரிய தப்புக்கும் பெரும்பாலும் முழுசாகப் போகாது. நம்மூரில் ஆயுதப்படைக்கு மாற்றுவார்களே, அந்த மாதிரி இங்கே ஒரு ஊரில் துரத்தினால் அடுத்த ஊரில் சேர்ந்துகொள்வார்கள். 2018இல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துக் கார்டினாவில் போலீஸ் சுட்டு இறந்த கென்னத் ராஸ் ஜூனியர் பெயரில் 2021இல் சட்டம் வந்தது. 2023 ஜனவரியிலிருந்து ‘போஸ்ட்’ என்ற மாநில ஆணையம் போலீஸ் வேலைக்கான சான்றிதழையே ரத்து செய்யலாம். ரத்தானால் மாநிலத்தில் எந்த ஊரிலும் போலீஸ் வேலை கிடையாது. பொய் அறிக்கை, அளவுமீறிய அடி, பாலியல் அத்துமீறல், இனம், மதம் பார்த்து நடத்துவது, சக போலீஸ் அடிப்பதைத் தடுக்காமல் நிற்பது, இதெல்லாம் ரத்துக்கான காரணங்களில் உண்டு.

சட்டென்று நடக்காது. அந்தந்த ஊர்த் துறை விசாரிக்க வேண்டும், 9 பேர் ஆலோசனைக் குழு பரிந்துரைக்க வேண்டும், ஆணையத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழ வேண்டும், அதற்குமேல் நீதிபதி விசாரணையும் இருக்கிறது. உங்களை நிறத்தை வைத்துப் பேசியிருந்தால் தேதி, நேரம், பேட்ஜ் நம்பரை இன்றே எழுதி வையுங்கள். புகாரை நேராக அந்த ‘போஸ்ட்’ ஆணையத்துக்கே அனுப்பலாம். ‘புகாரா? கிரீன் கார்டு போயிடும்’ என்று இருபது வருடம் இங்கே இருந்தவர்களே பயமுறுத்துவார்கள். பக்கத்து வீட்டு வேலி அரை அடி தள்ளியிருந்தால் மட்டும் அவர்களுக்குச் சட்டம் தலைகீழ்ப் பாடம்!

அப்புறம் ஒன்று. நிறுத்தினால் காரைவிட்டு இறங்காதீர்கள். இப்போதெல்லாம் பின்னால் விளக்கு மின்னினாலே என் கை தானாக ஸ்டியரிங் மேல் போய்விடும். 1998இல் அது தெரியாது. லிவர்மோர் கோயிலிலிருந்து திரும்பும்போது ஒருவர் நிறுத்தினார். நம்மூர்ப் பழக்கத்தில் இறங்கி, பேப்பரை எடுக்கப் பேன்ட் பாக்கெட்டில் கைவிட்டபடி அவரை நோக்கி நடந்தேன். அவர் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது. அவர் போட்ட சத்தத்தில் ஒரு வார்த்தை புரியவில்லை. திரும்பிப் பார்த்தால், மடியில் புளியோதரை டப்பாவோடு என் மனைவி, யாரும் சொல்லாமலே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.