வாசகர் கேள்வி பதில்: இன்டர்ன்ஷிப்புக்கு எந்த சைட்டைப் பிடிப்பது?

கேள்வி: பெருந்துறைப் பக்கம் ஒரு கல்லூரியில் சிவில் மூன்றாம் வருஷம் படிக்கிறேன், ஊர் கோபி. கோடை விடுமுறையில் நான்கு வாரம் இன்டர்ன்ஷிப் போக வேண்டும். சென்னை மெட்ரோ வேலை செய்யும் ஒரு பெரிய கம்பெனியில் இடம் வாங்கித் தருவதாக சீனியர் அண்ணன் சொல்கிறார். மாமாவுக்குத் தெரிந்த இன்ஜினியர் ஒருவர் கோபியிலேயே மாடி வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். கோவையில் ஒரு சென்டரில் பணம் கட்டினால் ஈடாப்ஸ் என்ற கட்டிட வடிவமைப்பு மென்பொருளைச் சொல்லிக்கொடுத்து இன்டர்ன்ஷிப் சான்றிதழும் கொடுக்கிறார்கள். எதற்குப் போவது?

பதில்: தம்பி, மூன்றாவதை முதலில் தள்ளி வையுங்கள். ஈடாப்ஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை, கற்றுத்தான் ஆக வேண்டும், ஆனால் அதைக் கல்லூரி நடக்கும்போதே சாயங்காலங்களில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். முழு நாளும் சைட்டில் நிற்க உங்களுக்குக் கிடைப்பது இந்த விடுமுறைதான். காசு கட்டி வாங்கின சான்றிதழை வைத்துக்கொண்டு, "கான்கிரீட் வலிமையைச் சோதிக்கக் கியூப் போட்டிருக்கீங்களா, என்ன ரிசல்ட் வந்தது?" என்று நேர்முகத் தேர்வில் கேட்பவருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

மீதி இரண்டில் கம்பெனி பேரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு இடத்துக்கும் போன் செய்து, நான் வரும் நான்கு வாரத்தில் சைட்டில் என்ன வேலை நடக்கும், நான் யாருடன் நிற்பேன் என்று கேளுங்கள். மெட்ரோ சைட்டில் தரக்கட்டுப்பாட்டு லேபிலோ சர்வே டீமிலோ உட்கார வைக்கிறோம் என்று உறுதியாகச் சொன்னால் தாராளமாகப் போகலாம். அப்படிச் சொல்லாமல் "வாங்க, பார்த்துக்கலாம்" என்றால் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஒரு ஓரமாக நின்றுவிட்டு, தங்கும் செலவும் சாப்பாட்டுச் செலவும் செய்து திரும்பி வர வேண்டியதுதான், ஏனென்றால் அவ்வளவு பெரிய சைட்டில் மாணவனைப் பாதுகாப்பு கருதியே பல இடங்களுக்கு விட மாட்டார்கள்.

எனக்கென்னவோ கோபி வீடுதான் சரி என்று படுகிறது, ஆனால் ஒரு நிபந்தனை. ஸ்லாப் எப்போது போடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு, அதற்கு ஐந்தாறு நாள் முன்னால் போய்ச் சேருங்கள். அப்போது சென்ட்ரிங், கம்பி கட்டுவது, கான்கிரீட் போடுவது, தண்ணீர் கட்டுவது எல்லாம் கண் முன்னால் நடக்கும். 4.5 மீட்டர் வரை அகலமுள்ள ஸ்லாபுக்கு அடியில் முட்டுக்களை 7 நாளும், 6 மீட்டர் வரையுள்ள பீமுக்கு 14 நாளும் வைத்திருக்கச் சொல்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. அது உங்கள் சைட்டில் கடைப்பிடிக்கப்படுகிறதா, இல்லை செங்கல் வைக்க இடம் வேண்டும் என்று முன்னாடியே உருவிவிடுகிறார்களா என்று உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம்.

கியூப் விஷயத்துக்கு வருகிறேன். சின்ன வீட்டு வேலையில் பெரும்பாலும் கியூப் போட மாட்டார்கள். நீங்கள் போடுங்கள். கல்லூரி லேபில் 150 மில்லிமீட்டர் கன சதுர அச்சு ஆறு கேட்டு வாங்கிக்கொண்டு போய், ஸ்லாப் போடும் அன்று அதே கலவையில் நிரப்பி, மறுநாள் அச்சைக் கழற்றித் தண்ணீரில் போட்டு வையுங்கள். ஏழாம் நாள் மூன்றை உடையுங்கள், 28-ஆம் நாள், அதற்குள் பயிற்சி முடிந்திருந்தாலும், மீதி மூன்றை உடையுங்கள். எம்20 கலவை (28-ஆம் நாள் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் வலிமை) என்று வரைபடத்தில் எழுதியிருந்தது, மேஸ்திரி எவ்வளவு தண்ணீர் விட்டார், கடைசியில் என்ன வலிமை வந்தது என்று நீங்களே எழுதும் அந்த ஒரு பக்கம் நாற்பது பக்க ரிப்போர்ட்டை விட மேல். அந்த ரிப்போர்ட்டைத்தான் எல்லாரும் முந்தின வருஷத்து அண்ணன்களிடம் வாங்கிப் பேரை மட்டும் மாற்றிக் கொடுக்கிறார்களே!

கம்பியும் அப்படித்தான். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பி எத்தனை கிலோ என்று வந்துவிடும். 12 மில்லிக்கு 0.89, 16 மில்லிக்கு 1.58. வரைபடத்தைப் பார்த்து எந்தக் கம்பி, எவ்வளவு நீளம், எத்தனை என்று காட்டும் பார் பெண்டிங் ஷெட்யூலை நீங்களே போட்டு, லோடில் வந்த கம்பியோடு ஒப்பிட்டு, எவ்வளவு துண்டாகக் கழிந்தது என்று கணக்குப் பாருங்கள். கம்பி கட்டுபவரிடம் தயங்காமல் கேளுங்கள், மரியாதையாக அண்ணா என்று கூப்பிட்டுக் கேட்டால் அவர் சொல்லித்தருகிற மாதிரி வகுப்பில் யாராலும் சொல்லித்தர முடியாது. கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் இல்லாமல் கம்பி பலகை மேலேயே படுத்திருந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். சின்னப் பையன் சொல்கிறான் என்று முதல் தடவை சிரிப்பார்கள், பரவாயில்லை.

வீட்டு வேலை வேண்டாம் என்று தோன்றினால் நம் பக்கத்திலேயே வேறு வழியும் இருக்கிறது. திருப்பூரில் சாயக்கழிவு நீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையங்கள், பவானிசாகர் அணையையும் கீழ்பவானி வாய்க்காலையும் பராமரிக்கும் நீர்வளத் துறை, நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளர் அலுவலகம். கல்லூரிக் கடிதத்தோடு ஒரு மாதம் முன்னாடியே நேரில் போய்க் கேளுங்கள். அரசு அலுவலகத்தில் எம்-புக் என்ற அளவுப் புத்தகம் எழுதுவது, அளவெடுத்து பில் போடுவது இரண்டையும் பார்த்துவிட்டால், பின்னால் கான்ட்ராக்டரிடம் வேலை செய்யும்போது எங்கே பணம் நிற்கிறது என்று புரியும்.

கேள்வி: தாராபுரம் பக்கம் எங்கள் ஊர். சைட்டுக்கெல்லாம் பெண் பிள்ளை போக வேண்டாம், டிசைன் ஆபீஸ் போதும் என்று அப்பா சொல்கிறார். அதுவே போதுமா?

பதில்: போதாது, அம்மிணி. தரையில் கம்பி எப்படி நெருக்கிக்கொண்டு நிற்கிறது என்று பார்க்காதவர் வரையும் படத்தில், பீமும் தூணும் சேரும் இடத்தில் கான்கிரீட் இறங்கவே இடம் இருக்காது. அதை சைட்டில் இருப்பவர் சரி செய்துகொள்வார், உங்களுக்குத் தெரியவே வராது. அப்பாவிடம் ரெடிமிக்ஸ் பிளான்ட் லேபைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள்: சல்லி, எம்-சாண்ட் சோதனை, கலவையின் இளக்கம் பார்க்கும் ஸ்லம்ப், கியூப் எல்லாம் அங்கே தினமும் நடக்கும், அங்கிருந்தே லாரியோடு சைட்டுக்கும் போய்வரலாம். வகுப்புத் தோழி ஒருவரோடு சேர்ந்து போங்கள். கழிவறை இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள், அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை புகார்களுக்கு உள் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பயிற்சிக்கு வருபவருக்கும் அது பொருந்தும். இதையும் அப்பாவிடம் சொல்லுங்கள்.

கேள்வி: நாமக்கல்லில் இருந்து எழுதுகிறேன். மகன் சிவில் முடித்துவிட்டான், நல்ல வேலை அமையவில்லை. அப்ரென்டிஸ் பயிற்சிக்கு அனுப்பினால் ஒரு வருஷம் வீணாகுமா?

பதில்: வீணாகாதுங்க. மத்திய அரசின் நேட்ஸ் என்ற அப்ரென்டிஸ் பயிற்சி இணையதளத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒரு வருஷப் பயிற்சி, மாதா மாதம் உதவித்தொகை உண்டு, தென்மாநிலங்களுக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. தமிழ்நாடு பொதுப்பணித் துறையும் இதன் வழியாக சிவில் பட்டதாரிகளை எடுத்திருக்கிறது. பயிற்சி முடிந்ததும் அங்கேயே நிரந்தர வேலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அப்படி ஒரு உத்தரவாதமும் கிடையாது. அதற்கென்று பணம் கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். தேர்ந்து நாளாகிவிட்டால் வாய்ப்புக் குறையும், அதனால் இந்த மாதமே பதிவு செய்துவிடட்டும்.