எக்செல் பைலை ஏற்றும்போது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்தமுறை கேள்விகள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கமிருந்து வந்தவை. எக்செல் கணக்குகளை ஏற்றினால் வரைபாக்கிக் காட்டும் பவர் பிஐ மென்பொருளைத்தான் பலரும் திட்டியிருக்கிறார்கள். அதைக் கொஞ்சம் விட்டுவிட்டு, முதலில் சீட்டைத் திறந்து பார்ப்போம்.

கேள்வி: கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். எக்செலில் ஊர்ப்பெயர்கள் நல்ல தமிழில் தெரிகின்றன. பவர் பிஐயில் ஏற்றினால் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறதே?

பதில்: பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய பைல். சீட்டுக்குள் பதிந்திருப்பது ஆங்கில எழுத்துகளே. பாமினி எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிறது. ஏற்றும்போது எழுத்துரு கூடப் போகாது, எழுத்து மட்டும் போகும். இணையத்தில் கிடைக்கும் மாற்றிகளில் போட்டு யூனிகோடாக்கிவிட்டு (உண்மையான தமிழ் எழுத்தாகவே பதியும் முறை) ஏற்றுங்கள். ஆனால் முழுச் சீட்டையும் அள்ளிப் போட்டுவிடாதீர்கள். பழைய அடையாள அட்டை இலக்கத்தின் கடைசியில் நிற்கும் ‘வி’ (V) என்ற ஆங்கில எழுத்து பாமினிக் கணக்கில் ‘ஏ’. அப்படி முடியும் அங்கத்தவர் இலக்கமெல்லாம் ‘ஏ’ என்று மாறிவிடும். தமிழ் நிரல்களை மட்டும் மாற்றுங்கள்.

மாற்றிய பிறகும் வரைபில் ‘கிளிநொச்சி’ இரண்டு தடவை வந்தால் பயப்பட வேண்டாம். ‘நொ’வின் கொம்பும் காலும் ஓரிடத்தில் தனித்தனியாகவும் இன்னோரிடத்தில் ஒரே குறியாகவும் பதிந்திருக்கும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஒன்றைப் பிரதி எடுத்து, மற்றதற்குப் பதிலாக எல்லா இடத்திலும் மாற்றிவிடுங்கள். சீஎஸ்வியாக (கமாவால் பிரித்த வெறும் எழுத்துப் பைலாக) சேமிப்பதென்றால் ‘யூடிஎஃப்-8’ என்றிருக்கும் வகையைத் தெரிவு செய்யுங்கள். சாதாரண சீஎஸ்வி என்றால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும்.

கேள்வி: துணுக்காயில் கமக்காரர் அமைப்பின் பொருளாளர் நான். காலபோக விளைச்சலை ஆண்டுவாரியாகப் போட்டேன். 2012/13 இலிருந்து ஒழுங்காக நிற்கிறது. அதற்கு முந்தின மூன்று போகமும் திகதியாக மாறிவிட்டன. ஏன்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 2009/10, 2010/11, 2011/12 என்று தட்டினால், பின்னால் நிற்கும் 10, 11, 12 ஐ எக்செல் மாதம் என்று எடுத்துக்கொள்கிறது. 2010/11 என்றால் அதற்கு 2010 நவம்பர் 1. பதின்மூன்றாம் மாதம் இல்லாததால் 2012/13 தப்பிவிட்டது. இப்போது அந்த நிரலை ‘டெக்ஸ்ட்’ ஆக்கினாலும் பழையது திரும்பாது, 40483 என்று ஓர் இலக்கம்தான் வந்து நிற்கும். டெக்ஸ்ட் ஆக்கிவிட்டு மறுபடி தட்டத்தான் வேண்டும். நானென்றால் ‘காலபோகம் 2010/11’ என்று ஒரே கட்டத்தில் எழுதிவிடுவேன், அப்புறம் எக்செலால் கை வைக்க முடியாது.

நீங்கள் அனுப்பிய படத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. விளைச்சல் நிரலில் ‘40 மூட்டை’, ‘62 புசல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது சொல்லாகிவிடும், கூட்ட முடியாது. இலக்கத்துக்கு ஒரு நிரல், அலகுக்கு இன்னொன்று. முடிந்தால் எல்லாவற்றையும் கிலோவுக்கு மாற்றுங்கள். மூட்டைக்கு மூட்டை நிறை வேறு.

கேள்வி: முல்லைத்தீவில் மீன் கொள்வனவு செய்கிறோம். ஏப்ரல் 3 இல் வாங்கியது மார்ச்சில் நிற்கிறது. 13 ஆம் திகதியிலிருந்து எல்லாம் பிழை என்று வருகிறது.

பதில்: அமெரிக்க முறையில் மாதத்தை முதலில் வாசிக்கிறது. ஏற்றுமுன் தரவைச் சீர்செய்யும் பவர் குவெரியில், அந்த நிரலின் வகையை ‘லொக்கேல்’ (எந்த நாட்டு முறை என்ற தெரிவு) பாவித்து மாற்றுங்கள். ஐக்கிய இராச்சிய ஆங்கிலத்தைத் தெரிவு செய்தால் சரி. பிழை காட்டிய வரிகளை மட்டும் கையால் திருத்த வேண்டாம். பிழை காட்டாமல் மாறிப்போன முதல் 12 நாட்கள்தான் ஆபத்து.

கேள்வி: ‘மாந்தை’ என்று போட்டால் வரைபடத்தில் புள்ளி வேறெங்கோ விழுகிறது.

பதில்: எந்த மாந்தை? மாந்தை கிழக்கு முல்லைத்தீவு மாவட்டம், மாந்தை மேற்கு மன்னார். பெயரை நம்பாமல் அகலாங்குக்கும் நெட்டாங்குக்கும் இரண்டு நிரல் வையுங்கள். வன்னிக்கு அகலாங்கு 9 ஐ ஒட்டியும் நெட்டாங்கு 80 ஐ ஒட்டியும் வரும். இரண்டையும் மாற்றிப் போட்டால் உங்கள் நெல் களஞ்சியம் நோர்வேக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் மிதக்கும்.

கேள்வி: ஜிமெயிலில் பவர் பிஐ கணக்குத் திறக்க விடுகிறதில்லை.

பதில்: விடாது. வேலைத்தல அல்லது கல்வி நிறுவன மின்னஞ்சல் வேண்டும்.

கேள்வி: பரந்தனில் கடை. ஒவ்வொரு நாளும் பில் பைலை ஏற்றுகிறேன். விற்பனை இரட்டிப்பாகத் தெரிகிறது. சந்தோசம்தான், ஆனால் பொய்!

பதில்: இரண்டு இடம் பாருங்கள். சீட்டின் அடியில் ‘மொத்தம்’ என்ற வரி இருந்தால் அதையும் ஒரு விற்பனையாகச் சேர்த்துக் கூட்டும், அழித்துவிடுங்கள். அதுவும் இல்லையென்றால், பழைய பில்களும் உள்ள பைலை ஏற்கெனவே ஏற்றியதன் அடியில் திரும்பவும் ஒட்டுகிறீர்கள். பவர் பிஐ போன்ற இன்னொரு சேவையான ஸோஹோ அனலிடிக்ஸில் ஏற்றும்போது, ஏற்கெனவே உள்ளதை மாற்றி எழுதும் தெரிவை எடுத்து, பில் இலக்கத்தை ஒப்பிடும் நிரலாகக் கொடுங்கள். பவர் பிஐ என்றால் பைலை ஒன்டிரைவில் (மைக்ரோசொப்டின் இணையச் சேமிப்பிடம்) வைத்து அங்கிருந்து இணையுங்கள். நீங்கள் அதே பெயரில் சேமித்தால் போதும், ஏறக்குறைய மணிக்கொருமுறை அதுவே பார்த்துக்கொள்ளும். பெயரில் ‘புதியது’, ‘கடைசி’ என்றெல்லாம் சேர்த்தால் இணைப்பு பழைய பைலிலேயே நிற்கும்.