டிரைவரை மாற்றினால் ஸ்லைஸ் போய்விடுமா?

கேள்வி: எனக்கு வயது 58. கோவையில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் மூன்று வருடமாக கோல்ஃப் ஆடுகிறேன். ஹேண்டிகேப் 24, அதாவது இன்னும் கற்றுக்குட்டிதான். அதிக தூரம் அடிக்கிற டிரைவர் ஸ்டிக்கை எடுத்தால் பந்து இடப்பக்கமாகக் கிளம்பி, பாதி வழியில் அரிவாள் மாதிரி வளைந்து வலப்பக்க மரங்களுக்குள் போய்விடுகிறது. குழி இருக்கிற கிரீனில் பட்டர் ஸ்டிக்கால் பந்தை உருட்டும்போது மூன்று பட் போடாமல் முடிக்கிற ஹோல் குறைவு. குறுகிய பட் என்றால் வலது கை தானாகத் துடிக்கிறது. எனக்குச் சொல்லித்தருபவர், “உங்கள் டிரைவர் பழசு. புதுசு எழுபதாயிரத்துக்கு நானே வாங்கித் தருகிறேன், பட்டரையும் மாற்றிவிடலாம்” என்கிறார். நெஞ்சு உயரத்துக்கு வரும் நீளமான பட்டர் வாங்கலாமா என்று கேட்டேன். அது தடை செய்யப்பட்டது என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: டிரைவரை வாங்க வேண்டாம். நீளமான பட்டரைப் பற்றி உங்களுக்குச் சொன்னது தவறு; அதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் ஸ்லைஸ், அதாவது பந்து இப்படி வலப்பக்கம் வளைவது. ஒரு நொடியை இரண்டாயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு நேரம்தான் பந்தும் ஸ்டிக்கும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. அந்த நேரத்தில் ஸ்டிக்கின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, ஏறக்குறைய அந்தப் பக்கமே பந்து புறப்படும். ஸ்டிக் வருகிற பாதை வேறு பக்கம் போனால், முகத்துக்கும் பாதைக்கும் இடையிலுள்ள அந்த வித்தியாசம் பந்தை வளைக்கும். உங்கள் பந்து இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைகிறது. அப்படியென்றால் முகம் குறிக்குச் சற்று இடப்பக்கம் பார்க்கிறது. பாதை அதைவிடவும் இடப்பக்கமாக, வெளியிலிருந்து உள்ளே குறுக்காக வெட்டுகிறது. அந்தக் காலத்தில் இதைத் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்தார்கள்: பாதைதான் கிளம்பும் திசை, முகம் வளைவை மட்டும் முடிவு செய்யும் என்று. ரேடார் கருவிகள் வந்து அளந்து காட்டியபிறகும் பழைய பாடத்தையே ஒப்பிக்கிற பயிற்சியாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது எனக்குப் பெரிய வருத்தம், ஏனென்றால் அந்தப் பாடத்தை நம்பி ஆடுகிறவர் வருடக்கணக்கில் தப்பான இடத்தைத் திருத்திக்கொண்டிருப்பார்.

நீங்களும் ஒரு காரியம் செய்துகொண்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். பந்து வலப்பக்கம் போகிறது என்று பயந்து, நிற்கும்போதே தோளை இடப்பக்கம் திருப்பி நிற்பீர்கள். அப்படி நின்றால் பாதை இன்னும் குறுக்காகும், வளைவு இன்னும் கூடும். அடுத்த ஹோலில் இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் திரும்புவீர்கள். என்னிடம் வருகிற பத்துப் பேரில் பெரும்பாலோர் இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டவர்கள்தான்.

அதனால் பாதையைத் தொடுவதற்கு முன்னால் கிரிப்பைப் பாருங்கள். இடது கையைத் தொங்கவிட்டு, ஸ்டிக்கை உள்ளங்கையில் பொத்திப் பிடிக்காமல் விரல்களின் அடிப்பகுதியில் வைத்து மூடுங்கள். குனிந்து பார்த்தால் இடது கையில் இரண்டு, இரண்டரை விரல் முட்டிகள் தெரிய வேண்டும். ஒரு முட்டிதான் தெரிகிறதென்றால் உங்கள் ஸ்லைஸின் பாதிக் காரணம் அங்கே இருக்கிறது. இரண்டு கைகளிலும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேருமிடத்தில் ஒரு மடிப்புக்கோடு விழும். அது உங்கள் வலது தோளைக் காட்ட வேண்டும், தாடையைக் காட்டக் கூடாது. பிடி இறுகவும் கூடாது. பற்பசைக் குழாயை மூடியில்லாமல் பிடித்திருந்தால் பசை வெளியே வராது, அந்த அளவு போதும்.

இப்படிப் பிடித்து அடித்தால் முதல் வாரம் பந்து நேராக இடப்பக்கமே போகும். பதறிவிடாதீர்கள். பழைய கிரிப்புக்குத் திரும்பிவிடவும் வேண்டாம், நிறையப் பேர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். பந்து வளையாமல் இடப்பக்கம் போகிறது என்றால் முகம் பாதையோடு சேர்ந்துவிட்டது என்று பொருள். இனி பாதையை மட்டும் திருத்தினால் போதும். அதற்குக் காலி தண்ணீர் பாட்டில் ஒன்று வேண்டும். பந்துக்கு அந்தப் பக்கம், உங்கள் காலிலிருந்து தள்ளி, நான்கு விரல் இடைவெளி விட்டு, ஒரு சாண் பின்னால் பாட்டிலை நிறுத்துங்கள். நடுத்தர தூரத்துக்கான 7 ஐயன் ஸ்டிக்கை எடுத்து, கை இடுப்பு உயரத்துக்கு மேல் போகாத அரை ஸ்விங்கில், பாட்டிலைத் தட்டாமல் பந்தை அடியுங்கள். ஸ்டிக் வெளியிலிருந்து வந்தால் பாட்டில் பறக்கும். பாட்டில் நின்றால் பாதை சரி. ஒரு நாளைக்கு இருபது பந்து, மூன்று வாரம். அதன்பிறகு முழு ஸ்விங்.

நீங்கள் சிறு வயதில் கிரிக்கெட் ஆடியவரா? நம் ஊரில் ஐம்பது வயதுக்கு மேல் கோல்ஃப் பிடிக்கிறவர்கள் அநேகமாக அப்படித்தான். இடது முழங்கையை உயர்த்தி, பேட்டின் முகத்தைத் திருப்பாமல் காட்டுகிற ஸ்ட்ரெய்ட் டிரைவ் உங்கள் கைக்குள் ஊறியிருக்கும். கோல்ஃபில் அதே கை ஸ்லைஸ் போடும். பந்தைத் தொட்ட பின் வலது முன்கை இடது முன்கையின் மேல் உருள வேண்டும், இடது முழங்கை மடங்கி இடுப்பை நோக்கி இறங்க வேண்டும். ஸ்டிக் இல்லாமல் வெறுங்கையில் தினமும் காலையில் ஐம்பது தடவை செய்து பாருங்கள்.

இனி அந்த எழுபதாயிரம். டிரைவர் தலையின் அளவு 460 சிசியைத் தாண்டக் கூடாது, முகம் பந்தை எவ்வளவு துள்ளவைக்கலாம் என்பதற்கும் உச்சவரம்பு உண்டு. இருபது வருடத்துக்கும் மேலாக இந்த விதிகள் இருக்கின்றன. உங்கள் பழைய டிரைவர் இந்த வரம்புக்குள் செய்யப்பட்டதுதான், புதியதும் அதே வரம்புக்குள்தான். பாதையைவிட முகம் வலப்பக்கம் திறந்து வருகிற கைக்குப் புது டிரைவர் கொடுத்தால், பந்து புதிதாக வளையும், அவ்வளவுதான். ஸ்லைஸ் அடங்கும் வரை டிரைவரைப் பையிலேயே வைத்துவிட்டு ஹோல் தொடங்குகிற டீயிலிருந்து 3 வுட் ஸ்டிக்கால் அடியுங்கள். அதன் முகம் அதிகம் சாய்ந்தது, தண்டு குட்டை, பந்து வளைவது தானாகவே குறையும். தூரத்தில் பத்து இருபது கஜம் குறையும், ஆனால் மரத்துக்குள் பந்து தேடுகிற தண்டனை ஸ்ட்ரோக் மிச்சம். பின்னால் ஒரு நாள் டிரைவர் வாங்கியே தீர வேண்டுமென்றால் முகச்சாய்வு 10.5 டிகிரிக்குக் குறைவாக வாங்காதீர்கள். 9 டிகிரி தொழில்முறை ஆட்டக்காரர்களின் வேகத்துக்கு.

சொல்லித்தருகிறவரே வாங்கித் தருகிறேன் என்று சொல்லும்போது ஒரு கேள்வியை நேராகக் கேளுங்கள்: “இதில் உங்களுக்கு எவ்வளவு கமிஷன்?” அவர் கோபித்துக்கொண்டால் அதுவே பதில். நான் பயிற்சி கொடுக்க ஆரம்பித்த காலத்தில் ஒரு கடைக்காரர் என்னிடமும் வந்தார். மாணவரை அனுப்பினால் ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு தொகை என்றார். மறுத்துவிட்டேன், அதோடு அந்தக் கடைப் பக்கம் போவதையும் விட்டேன். ஆனால் மறுக்காதவர்கள் இருக்கிறார்கள். நம் நாட்டில் கோல்ஃப் சொல்லித்தர யாரிடமும் உரிமம் பெற வேண்டியதில்லை. இந்திய கோல்ஃப் யூனியனின் பயிற்சிப் பிரிவான நேஷனல் கோல்ஃப் அகாடமி பயிற்சியாளர்களைப் படிக்கவைத்துச் சான்றிதழ் கொடுக்கிறது. அந்தச் சான்றிதழ் இருக்கிறதா என்று எத்தனை கோல்ஃப் மன்றங்கள் சரிபார்க்கின்றன? நன்றாக ஆடினால் போதும், மறுநாளே ‘கோச்’. நன்றாக ஆடுவது வேறு, அடுத்தவர் கையிலுள்ள தப்பைக் கண்டுபிடிப்பது வேறு. ஒரு பல் டாக்டரிடம் சான்றிதழ் இல்லாமல் வாயைத் திறப்போமா? வாரா வாரம் பணம் கட்டுகிற மனிதரிடம் தன் கோச்சுக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்பதைச் சொல்ல ஒரு நிர்வாகமும் முன்வரவில்லை.

வாட்ஸ்அப் குழுக்களில் வருகிற ‘துபாயிலிருந்து வந்தது, பாதி விலை’ ஸ்டிக்குகளையும் தொடாதீர்கள். பெரிய நிறுவனங்களின் பெயரில் போலி ஸ்டிக்குகள் உலகம் முழுக்கச் சுற்றுகின்றன. படத்தில் வித்தியாசமே தெரியாது. சீரியல் எண்ணோடு ரசீது தராதவரிடம் வாங்கவே வேண்டாம். குளத்திலிருந்து எடுத்த பந்தைக் கழுவி, மேலே வண்ணம் பூசி, புதுப் பெட்டியில் விற்பதும் நடக்கிறது. பழைய பந்து என்று சொல்லி மலிவாக விற்றால் பயிற்சிக்கு வாங்கலாம், தப்பில்லை. புதுசு என்று விற்பது மோசடி.

டிரைவிங் ரேஞ்ச் என்கிற பயிற்சித் திடலின் பாய்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பந்துக்குப் பின்னால் தரையில் இடித்தாலும் பாயின் மேல் ஸ்டிக் வழுக்கிப் போய்ப் பந்தை அடித்துவிடும். நன்றாக அடித்தோம் என்று நினைத்துக்கொண்டு போவீர்கள். ஆட்டத்தில், ஃபேர்வேயின் புல்தரையில் அதே அடி மண்ணைத் தோண்டும், பந்து முப்பது கஜத்தில் நிற்கும். புல்லில் பயிற்சி செய்ய இடம் கொடுங்கள் என்று கேட்டால் புல் கெட்டுவிடும் என்கிறார்கள். உறுப்பினர்கள் கட்டுகிற பணத்தில் புல்லை மறுபடி வளர்க்க முடியாதா? இப்போதைக்கு ஒரு சின்னத் துண்டை மடித்துப் பந்துக்குப் பின்னால் ஒரு கை அகலம் தள்ளி வையுங்கள். துண்டில் படாமல் அடிக்கப் பழகினால் பாய் உங்களை ஏமாற்றாது.

பட்டிங்குக்கு வருகிறேன். உங்களுக்கு மூன்று பட் ஆவதற்குக் காரணம் மூன்றாவது பட் இல்லை, முதலாவது. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களே எட்டடியிலிருந்து ஏறக்குறைய பாதிதான் உள்ளே போடுகிறார்கள். அப்படியிருக்க, முப்பதடி பட்டை அடித்து ஆறேழு அடி மிச்சம் வைத்தால் நீங்கள் எப்படித் தப்பிப்பீர்கள்? வளைவைக் கணிப்பதில் செலவிடும் நேரத்தில் பாதியைத் தூரத்துக்குக் கொடுங்கள். பந்துகளை இருபது, முப்பது, நாற்பதடியில் வையுங்கள். பந்தைப் பார்க்காமல் குழியைப் பார்த்துக்கொண்டே இரண்டு முறை காற்றில் வீசுங்கள், எவ்வளவு நீளமாக வீச வேண்டும் என்று கை தானே கற்றுக்கொள்ளும். பிறகு பந்தின் மேல் நின்று அதே நீளம். குழியைச் சுற்றி மூன்றடிக்குள் நின்றால் வெற்றி. உள்ளே விழ வேண்டும் என்று நினைக்கவே வேண்டாம்.

சமவெளியில் நம் கிரீன்கள் பெரும்பாலும் பெர்முடா புல். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். குழியை நோக்கிப் பார்க்கும்போது புல் பளபளப்பாகத் தெரிந்தால் அது உங்களை விட்டு விலகி, குழிப் பக்கம் சாய்ந்திருக்கிறது, பந்து வேகமாக ஓடும். கருத்துத் தெரிந்தால் உங்களை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, கூடுதலாக அடிக்க வேண்டும். பையைத் தூக்கி வருகிற கேடியிடம் இதைக் கேளுங்கள். அந்தக் கிரீனில் இருபது வருடம் நடந்தவருக்குத் தெரியாதது எந்தக் கருவிக்கும் தெரியாது.

குறுகிய பட்டுக்கு வீட்டு மொசைக் தரை போதும். இரண்டு கற்கள் சேரும் கோட்டின்மேல் பந்தை வைத்து, ஐந்தடி தள்ளி ஒரு எவர்சில்வர் டம்ளரை நிறுத்துங்கள். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், டம்ளர் அதைவிடச் சின்னது. டம்ளரைத் தட்டப் பழகின கண்ணுக்குக் குழி பெரிதாகத் தெரியும். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரு அதிதி அசோக் அங்கே ஆடினவர்களில் மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களுள் ஒருவர். ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் வெண்கலம் கைநழுவி நான்காவதாக வந்தார். அவரை அவ்வளவு தூரம் கொண்டுபோனது பட்டர்தான். எழுபதாயிரம் டிரைவர் விற்கிறவர்கள் அந்த நான்கு நாள் ஆட்டத்தை ஒரு தடவை பார்க்கட்டும்.

கடைசியாக நீளமான பட்டர். கை துடிப்பது உங்கள் மனப்பலவீனம் இல்லை. உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்களுக்கே வந்திருக்கிறது, அதற்கு ‘யிப்ஸ்’ என்று பெயர். 2016 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது நீளமான பட்டர் இல்லை; அதை உடம்பில் ஊன்றி அடிப்பது. விதி 10.1பி. கிரிப்பின், அதாவது கைப்பிடியின், முனையை நெஞ்சில், தாடையில், வயிற்றில் அழுத்திக்கொண்டு அடிக்கக் கூடாது. மேல் கை கிரிப்பைப் பிடித்திருக்கையில் அந்தக் கையின் முன்கையை நெஞ்சில் ஊன்றிக்கொண்டு அடிப்பதும் கூடாது. மேல் கை உடம்பிலிருந்து சற்று விலகியிருந்தால் எவ்வளவு நீளமான பட்டரும் சரிதான். பட்டருக்கு மட்டும் நீளத்துக்கு உச்சவரம்பே இல்லை. ஜெர்மன் ஆட்டக்காரர் பெர்ன்ஹார்ட் லாங்கர் தடைக்குப் பின்னும் அதையே வைத்துக்கொண்டு, கையை நெஞ்சிலிருந்து விலக்கி ஆடினார். அமெரிக்க ஆட்டக்காரர் லூகாஸ் குளோவர் பல வருடம் யிப்ஸால் தவித்து, 2023இல் நீளமான பட்டருக்கு மாறி, ஆகஸ்டில் அடுத்தடுத்த வாரங்களில் இரண்டு போட்டிகளை ஜெயித்தார். நம் வம்சாவளி அக்‌ஷய் பாட்டியாவும் அதைக் கொண்டுதான் 2024இல் டெக்சாஸ் ஓப்பன் வென்றார்.

இன்னொரு வழியும் உண்டு. சற்று நீளமான பட்டரின் கிரிப்பை இடது முன்கையின் உள்பக்கத்தோடு ஒட்டிவைத்து அடிப்பது. கையோடு ஒட்டுவதை விதி அனுமதிக்கிறது, ஏனென்றால் கை ஆடிக்கொண்டேதான் இருக்கும், உடம்பில் ஊன்றவில்லை. ஆனால் முகச்சாய்வு அதிகமுள்ள பட்டர் அதற்கென்றே வேண்டும், சாதாரணப் பட்டரை அப்படிப் பிடித்தால் பந்து தரையில் அழுந்தித் துள்ளும். அதனால் உங்களுக்கு நெஞ்சு உயரப் பட்டரைத்தான் சொல்வேன். வாங்குவதற்கு முன் யாரிடமாவது ஒரு வாரம் இரவல் வாங்குங்கள். இடது கை மேலே, கட்டைவிரல் கிரிப்பின் உச்சியில். வலது கை கீழே, பேனா பிடிப்பதுபோல் மூன்று விரலில். வலது கை துடிக்கிறதற்கு அங்கே வேலையே இருக்காது. உங்கள் மன்றப் போட்டியில் யாராவது ஆட்சேபித்தால் விதி எண்ணைச் சொல்லி, சட்டைக்கும் மேல் கைக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற இடைவெளியைக் காட்டுங்கள்.