ஃபெடோரா போட்டதும் எல்லாரும் பார்க்கிறார்கள் என்றால்

அகல விளிம்புள்ள ஃபெடோரா தொப்பியைப் போடுவதை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், தொடர்ந்து போடுங்கள். பேருந்தில் நாலு பேர் உற்றுப் பார்த்தார்கள், ஒருவர் சிரித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். தொப்பி போடுபவர்கள் குறைந்துவிட்டதால் கண் தானாக அங்கே போகிறது. பெரும்பாலும் அவ்வளவுதான்.

ஆனால் "அடிக்கடி சரிசெய்துகொண்டே இருந்தேன்" என்றீர்களே, அதில்தான் எனக்குச் சந்தேகம். தொப்பி தொளதொளவென்று இருந்தால் கை ஓயாமல் விளிம்புக்குப் போகும். அந்தத் தவிப்புதான் மற்றவர் கண்ணில் படும்.

அளவு நாடாவைப் புருவத்துக்கு மேல் ஒரு விரல் அகலம் விட்டு, காதுகளுக்குச் சற்று மேலாகச் சுற்றி அளந்து, தொப்பியின் உள்பட்டையில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். விளிம்பு காதில் உட்கார்ந்தால் பெரிது. சற்று நேரத்தில் நெற்றியில் சிவந்த தடம் விழுந்தால் சிறிது. பெரிதென்றால் உள்பட்டையை மடக்கி, அதன் பின்னால் மெல்லிய நுரைப்பட்டையைச் செருகுங்கள். முதலில் பின்பக்கம் மட்டும் வைத்துப் பார்க்கவும். சுற்றிலும் வைத்தால் இறுகிவிடலாம்.

எடுக்கும்போது உச்சியைக் கிள்ளிப் பிடிக்காதீர்கள். ஃபெல்ட் (தொப்பி செய்யும் அழுத்திய ரோமத் துணி) அந்த மடிப்பில்தான் முதலில் நைந்து கிழியும்.

இன்னொன்று, விளிம்பையும் அளந்து பாருங்கள். 4 செ.மீ. அளவில் குறுகலாக இருந்தால் அது ட்ரில்பி என்ற வேறு வகைத் தொப்பி. டி-ஷர்ட்டோடு அதைப் போடுவதைத்தான் இணையத்தில் அதிகம் கிண்டல் செய்கிறார்கள். காலர் வைத்த சட்டையோ கோட்டோ போட்டால் பொருந்தும்.

திரையரங்கில் மட்டும் கழற்றி மடியில் வையுங்கள். பின்வரிசைக்காரர் முறைத்தால் நியாயம் அவர் பக்கம்.