வாத்தியாரைக் கேளுங்கள்

கேள்வி: வாத்தியார் ஐயா, ஆசிரியர் படிப்புப் படிக்கும் என் பேத்தி எந்நேரமும் ஹொரேஸ் மான் புராணம்தான் பாடுகிறாள். 1859இல் செத்துப்போன அமெரிக்கருக்கும் டர்பனில் இருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?
– ஒரு பாட்டி, சாட்ஸ்வொர்த்

பதில்: நேரடிச் சம்பந்தம் இல்லை, அம்மா. ஆனாலும் பேத்தி நல்ல ஆளைத்தான் பிடித்திருக்கிறாள். மாசச்சூசெட்ஸ் மாநில செனட்டின் தலைவராக இருந்த வழக்கறிஞர் அவர். 1837இல் அந்தச் செல்வாக்கை உதறிவிட்டு, பெரிய அதிகாரம் எதுவும் இல்லாத கல்வி வாரியச் செயலாளர் வேலைக்குப் போனார்.

கல்வி எல்லோரையும் சமமாக்கும் என்று அவர் சொன்னதைத்தான் மேடைதோறும் முழங்குகிறார்கள். எனக்குப் பிடித்தது அவருடைய வரிக் கணக்கு. பிள்ளை இல்லாத பணக்காரன், ஊரான் பிள்ளை படிக்க நான் ஏன் வரி கட்ட வேண்டும் என்பான் அல்லவா? 1846ஆம் ஆண்டு அறிக்கையில் மான் அவன் வாயை அடைத்தார்: உன் சொத்து உனக்கு முன் வாழ்ந்தவர்கள் விட்டுப்போனது, அடுத்து வருபவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்தில், நம் இந்தியர்கள் வரியையும் கட்டினார்கள், பள்ளியையும் கட்டினார்கள். பள்ளி கட்ட நாம் ஒரு பவுன் பணம் திரட்டினால் தானும் ஒரு பவுன் தருவதாக, பவுனுக்குப் பவுன் என்பது அரசாங்கத்தின் பேச்சு. நம் பவுன் முதலில் வர வேண்டும். என் தகப்பனார் சம்பள வெள்ளிக்கிழமை மாலையில் நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போவார். பணம் இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை செங்கல் சுமந்தார்கள். அப்படியும் இடம் போதாமல் காலையில் ஒரு கூட்டம், பிற்பகலில் ஒரு கூட்டம். நாங்கள் பிற்பகல் கூட்டம். உள்ளே இருப்பவர்கள் எழுந்து வரும்வரை வெயிலில் வரிசையாக நிற்போம். மாசச்சூசெட்ஸில் 1852இலேயே கட்டாயக் கல்விச் சட்டம் வந்துவிட்டது. நம் பிள்ளைகளுக்கு அது 1970களில்தான்.

ஆசிரியர் பயிற்சிக்கும் மான்தான் அங்கே வழி திறந்தார். 1839 ஜூலையில் லெக்சிங்டனில் அரசு பயிற்சிப் பள்ளி தொடங்கிய அன்று வந்து சேர்ந்தவர்கள் 3 பெண்கள்! அன்றைய ஜெர்மானிய அரசான பிரஷ்யாவைப் பார்த்து எடுத்துக்கொண்ட ஏற்பாடு அது. நமக்கு இங்கிலாந்து வழியாக வந்தது. டர்பனின் ஸ்பிரிங்பீல்ட் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கும், கரும்பலகையில் எழுதும்போது வகுப்புக்கு முதுகைக் காட்டாதே என்பதுதான் முதல் பாடம்.

பிரம்படியைக் குறைக்கச் சொன்னதற்காக பாஸ்டன் ஆசிரியர்கள் 31 பேர் அவர் மேல் பாய்ந்தார்கள். இங்கே 1996இல் பிரம்பு ஒழிந்தபோதும் ஆசிரியர் அறையில் அதே கூச்சல்தான்.

கேள்வி: இன்று அரசுப் பள்ளியிலேயே கட்டணம் கேட்கிறார்களே, மான் ஒப்புவாரா?
– அதே பாட்டி

பதில்: ஒப்ப மாட்டார். பெற்றோர் கூடிக் கட்டணத்தை நிர்ணயித்து, அந்தப் பணத்தில் கூடுதல் ஆசிரியர்களை வைத்துக்கொள்கிறார்கள். கட்டணமில்லாப் பள்ளிக்கு அந்த வசதி ஏது? ஆனால் கட்ட முடியாதவர்களுக்குச் சட்டப்படி விலக்கு உண்டு. பணம் இல்லை என்று சேர்க்காமல் விடவும் முடியாது. அலுவலகத்தில் விலக்குப் படிவம் கேட்டு வாங்கி நிரப்பிக் கொடுங்கள், நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.