நான்கு பேர், ஒரு சம்பளம், மான்செஸ்டர்: கிளம்பும் முன் போட வேண்டிய கணக்கு

கேள்வி: கோவையில் வசிக்கிறோம். என் கணவருக்கு மான்செஸ்டரில் ஆண்டுக்கு 42,000 பவுண்ட் சம்பளத்தில் வேலை உறுதியாகியிருக்கிறது. ஸ்கில்டு வொர்க்கர் விசா (நிறுவனம் ஸ்பான்சர் செய்யும் வேலை விசா), மூன்று ஆண்டு. மகனுக்கு 5 வயது, மகளுக்கு 2 வயது. இப்போதைக்கு நான் வேலைக்குப் போகாவிட்டால் இந்தச் சம்பளம் போதுமா? கிளம்பும்போது கையில் எவ்வளவு இருக்க வேண்டும்?

பதில்: மாதச் செலவுக்குப் போதும், மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும். உங்களைத் திணறடிக்கப்போவது மாதச் செலவு அல்ல, முதல் சம்பளம் வருவதற்கு முன்பே கட்ட வேண்டிய தொகை. இரண்டையும் தனித்தனிக் கணக்காகப் போடுங்கள்.

முதலில் விசா. அங்குள்ள அரசு மருத்துவச் சேவைக்கான கட்டணத்தை விசா காலம் முழுவதற்கும் விண்ணப்பிக்கும்போதே கட்டிவிட வேண்டும். பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்ட், 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு 776 பவுண்ட். உங்கள் நால்வருக்கும் மூன்று ஆண்டுக்கு 10,866 பவுண்ட். பவுண்ட் 120 ரூபாய் என்று வைத்தால் 13 லட்சம் ரூபாய். விசா கட்டணம் தனி. இந்தியாவிலிருந்து விண்ணப்பித்தால், மூன்றாண்டுவரையான விசாவுக்கு 2025 ஏப்ரல் நிலவரப்படி தலைக்கு 769 பவுண்ட், குழந்தைக்கும் அதே தொகைதான். நால்வருக்கு 3,076. இந்தக் கட்டணங்கள் பெரும்பாலும் ஏப்ரலில் மாறும் என்பதால் கட்டும் வாரத்தில் ஒருமுறை சரிபாருங்கள். ஆக, விமானம் ஏறுமுன்பே ஏறத்தாழ 16.7 லட்சம் ரூபாய்.

இதில் நிறுவனம் எவ்வளவு தரும் என்பதை இப்போதே மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். "விசா செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் பல நிறுவனங்கள் ஊழியருக்கு மட்டும்தான் கட்டும். மனைவி, குழந்தைகளுக்கும் உண்டா, மருத்துவக் கட்டணமும் சேர்த்தியா, இரண்டு ஆண்டுக்குள் வேலையை விட்டால் திருப்பிக் கேட்பார்களா என்று மூன்று கேள்விகளாகவே கேளுங்கள். ஸ்பான்சர்ஷிப் சான்றிதழுக்கான கட்டணத்தையும் குடியேற்றத் திறன் கட்டணத்தையும் (இரண்டும் வெளிநாட்டு ஊழியரை அமர்த்துவதற்காக அரசுக்குக் கட்டுபவை) நிறுவனம்தான் ஏற்க வேண்டும், ஊழியர் தலையில் கட்டக் கூடாது என்பது விதி. அந்தப் பெயரில் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்த வேலை வாய்ப்பையே சந்தேகியுங்கள்.

வங்கியில் 28 நாள் வைத்துக் காட்டச் சொல்லும் தொகை (உங்கள் குடும்பத்துக்கு 1,270 + 285 + 315 + 200 = 2,070 பவுண்ட்) வெறும் விசா நிபந்தனை. அதையே குடியேறும் செலவு என்று நம்பி வருபவர்கள் இரண்டாவது வாரத்திலேயே ஊரிலிருந்து பணம் வரவழைக்க வேண்டியதாகிறது.

இறங்கியபின் ஆகும் செலவு இது. வீடு பார்த்துச் சாவி வாங்க மூன்று, நான்கு வாரமாகும். அதுவரை தற்காலிகத் தங்கலுக்குச் சுமார் 2,100 பவுண்ட். மாத வாடகை 1,200 என்றால் ஐந்து வார வாடகையான 1,384 பவுண்ட் முன்பணம் (அதற்கு மேல் கேட்க இங்கிலாந்தில் சட்டம் இடம் தராது), கூடவே முதல் மாத வாடகை. கட்டில், மெத்தை, பாத்திரம், குளிர்கால உடைகளுக்கு 2,000. முதல் சம்பளம்வரை சாப்பாடு, பேருந்துக்கு 1,200. மொத்தம் 7,900 பவுண்ட் அளவில் வரும். அவசரத்துக்கு ஒரு மாதச் செலவையும் சேர்த்து 10,200 பவுண்ட், அதாவது 12 லட்சத்துக்குச் சற்று மேல், கையில் இருக்கட்டும். முதல் சம்பளத்தின் தேதியையும் கேட்டுக்கொள்ளுங்கள். பல நிறுவனங்களில் சம்பளப் பட்டியலை மாத நடுவிலேயே மூடிவிடுவார்கள். 20ஆம் தேதி சேர்ந்தால் அடுத்த மாதக் கடைசியில்தான் பணம் வரும்.

பணம் அனுப்புவதிலும் ஒரு கணக்கு உண்டு. ஒரு நிதியாண்டில் ஒருவர் பெயரில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ் (முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிக்கும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்பப் பெறலாம் என்றாலும் அந்தப் பணம் பல மாதம் முடங்கிக் கிடக்கும். உங்கள் கணக்கிலிருந்து ஒரு பகுதி, கணவர் கணக்கிலிருந்து ஒரு பகுதி என்று பிரித்து அனுப்புங்கள்.

இனி மாதக் கணக்கு. 42,000 பவுண்டில் முதல் 12,570க்கு வரி இல்லை. மீதி 29,430க்கு 20 சதவீதம் வருமான வரி, 8 சதவீதம் தேசியக் காப்பீடு. குறைந்தபட்ச ஓய்வூதியப் பிடித்தமும் போனால் கைக்கு வருவது மாதம் சுமார் 2,690 பவுண்ட். வரியாண்டு ஏப்ரல் 6இல் தொடங்குகிறது. நடுவில் வந்து சேர்ந்தாலும் வரிவிலக்கு முழு ஆண்டுக்கும் கிடைக்கும் என்பதால் முதல் சில மாதம் சம்பளம் கூடுதலாகத் தெரியும். அதை நம்பிப் பெரிய வீடு பிடிக்காதீர்கள்.

வாடகைக்கு ஓர் உச்சவரம்பு தானாகவே இருக்கிறது. ஆண்டுச் சம்பளம் மாத வாடகையைப் போல் 30 மடங்கு இருக்க வேண்டும் என்று ஏஜென்சிகள் பொதுவாகப் பார்க்கும். உங்களுக்கு அது 1,400 பவுண்ட். ரைட்மூவ், ஓபன்ரென்ட் தளங்களில் அலுவலகத்துக்கு 40 நிமிடப் பயணத்துக்குள் இரண்டு படுக்கையறை வீடுகள் இருபதையாவது குறித்து, விலை வரிசையில் நடுவில் நிற்கும் தொகையை எடுங்கள். நகரச் செலவை ஒப்பிடும் தளங்களின் சராசரி இங்கே உதவாது. உங்கள் மகளுக்கு 2 வயதா 5 வயதா என்று அவற்றுக்குத் தெரியாது. விளம்பரத்தில் கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி அமைப்பான கவுன்சில் வாங்கும் வீட்டு வரி) பிரிவையும், வீட்டைச் சூடாக்க எவ்வளவு ஆற்றல் செலவாகும் என்று காட்டும் ஆற்றல் திறன் மதிப்பீட்டையும் பாருங்கள். மதிப்பீடு 'இ' (E; 'ஏ'தான் சிறந்தது) என்றிருக்கும் வீடு வாடகையில் 50 பவுண்ட் குறைவாக இருந்தாலும் குளிர்காலத்தில் அதைத் தின்றுவிடும்.

வாடகை 1,200, கவுன்சில் டாக்ஸ் 165 (வீட்டுக்காரர் அல்ல, குடியிருப்பவர் கட்டுவது, வழக்கமாக ஏப்ரல் முதல் ஜனவரிவரை பத்துத் தவணையில் வாங்குவதால் அந்த மாதங்களில் 200 போகும்), மின்சாரமும் எரிவாயுவும் 150, தண்ணீர் 50, இணையமும் இரண்டு கைபேசியும் 50, பேருந்து, டிராம் 110, மளிகை, காய்கறி, பால் 450, டிவி உரிமம் 15, உடை, மருந்து, பிள்ளைகள் செலவு 120. கூட்டினால் 2,310 பவுண்ட். மிச்சம் 380. ஊருக்கு அனுப்புவது, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நால்வர் வந்துபோகும் டிக்கெட், மூன்றாம் ஆண்டு முடிவில் விசா நீட்டிக்கும் செலவு எல்லாம் இந்த 380க்குள்தான். கார் வாங்கினால் இதுவும் காலி. புதிதாக வந்தவர்களுக்கு முதல் ஆண்டுக் காப்பீடு மிக அதிகம். முதல் குளிர்காலத்தைப் பேருந்திலேயே கழிக்கும்படி வீட்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

குழந்தைகள் விஷயத்தில்தான் பலரும் தவறான கணக்கோடு வருகிறார்கள். மகனுக்குச் சிக்கல் இல்லை. அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது, இரண்டாம் ஆண்டு வகுப்புவரை (6-7 வயது) மதிய உணவும் இலவசம். ஆனால் பள்ளி ஆண்டின் நடுவில் போனால் பக்கத்துப் பள்ளியில் இடம் இல்லாமல் போகலாம்; கவுன்சில் வேறு பள்ளியைக் காட்டலாம். வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கவுன்சிலைக் கூப்பிட்டு எந்தப் பள்ளியில் இடம் காலி என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் தினமும் இரண்டு பேருந்து மாற வேண்டியிருக்கும்.

மகளுக்குத்தான் செலவு. வேலை பார்க்கும் பெற்றோருக்கு வாரம் 30 மணி நேர இலவசக் குழந்தைப் பராமரிப்பு என்று நீங்கள் படித்திருப்பீர்கள். பெற்றோரில் ஒருவருக்காவது பொது நிதி உதவி (அரசு நலத்திட்ட உதவிகள்) பெறும் உரிமை இருந்தால்தான் அது கிடைக்கும். உங்கள் விசாவில் இருவருக்கும் அந்த உரிமை இல்லை. குழந்தைகளுக்கான மாத உதவித்தொகையும் கிடையாது. குறைந்த வருமானக் குடும்பங்களின் 2 வயதுப் பிள்ளைகளுக்கு 15 மணி நேரம் தரும் திட்டத்தில் உங்களைப் போன்ற விசாக்காரர்களுக்கும் இடமுண்டு. ஆனால் இரு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு லண்டனுக்கு வெளியே வரி போக ஆண்டு வருமானம் 30,600 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். நீங்கள் அதைச் சற்றே தாண்டுகிறீர்கள்.

எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான 15 மணி நேரம் 3 வயதில் வரும், அதுவும் பிறந்தநாளன்றே அல்ல. ஜனவரி 1, ஏப்ரல் 1, செப்டம்பர் 1 ஆகியவற்றில் பிறந்தநாளுக்கு அடுத்து வரும் தேதியில் தொடங்கும். மார்ச் 30இல் 3 வயது முடிந்தால் ஏப்ரலில் கிடைத்துவிடும். ஏப்ரல் 2 என்றால் செப்டம்பர்வரை காத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு 38 வாரம்தான் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்குமுன் முழுநேர நர்சரி என்றால் மாதம் 1,200 பவுண்ட் வைக்க வேண்டும். நீங்கள் மணிக்கு 12.71 பவுண்ட் என்ற குறைந்தபட்சக் கூலியில் (2026 ஏப்ரல் முதல் உள்ளது) முழுநேரம் வேலை பார்த்தால் கைக்குச் சுமார் 1,720 வரும். நர்சரிக்கு 1,200, மகனைப் பள்ளி முடிந்தபின் பார்த்துக்கொள்ள 250 போக 270 மிஞ்சும். பள்ளி விடுமுறை ஆண்டுக்கு 13 வாரம். அந்த வாரங்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் விடுமுறை முகாம்களின் கட்டணத்தில் அதுவும் கரையும். ஆகவே மகளுக்கு 15 மணி நேரம் தொடங்கும்வரை வேலையைத் தள்ளிவைப்பதில் பண இழப்பு ஒன்றுமில்லை. உங்கள் துறையிலேயே நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்தால் மட்டும் இந்தக் கணக்கை மறுபடி போடுங்கள். மாலையிலோ வார இறுதியிலோ, கணவர் வீட்டில் இருக்கும் நேரத்தில் பகுதிநேர வேலை என்றால் நர்சரிச் செலவே இல்லாமல் மாதம் 500, 600 பவுண்ட் சேர்க்கலாம். உங்கள் விசாவில் அதற்குத் தடை இல்லை.

கணவர் இரண்டு மாதம் முன்னதாகப் போய் ஓர் அறையில் தங்கி, வீடும் பள்ளி இடமும் உறுதியானபின் நீங்கள் மூவரும் போவதையே நாங்கள் பரிந்துரைப்போம். தற்காலிகத் தங்கல் செலவு பெருமளவு குறையும், முதல் சம்பளமும் வந்திருக்கும். உங்கள் விசா தேதியை அதற்கேற்ப விண்ணப்பத்திலேயே குறிப்பிடுங்கள்.